பரப்பில் கால் பங்கு

2025 ஜனவரி 14 அன்று, ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் மோதிக் கலந்த இரண்டு கருந்துளைகளின் அதிர்வு பூமிக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்காவிலுள்ள லைகோ கருவிகள் அதைப் பதிவு செய்தன. இரண்டுமே சூரியனைப் போல முப்பது மடங்குக்குச் சற்று மேற்பட்ட நிறை கொண்டவை. மோதலில் ஏறக்குறைய மூன்று சூரியன்களின் நிறை ஈர்ப்பலைகளாக வெளியேறிவிட்டது. ஆனால் பரப்பு? மோதலுக்கு முன் இரண்டின் எல்லைப் பரப்பையும் கூட்டினால் சுமார் 2,40,000 சதுர கிலோமீட்டர். பின்னர் உருவான ஒற்றைக் கருந்துளைக்கோ சுமார் 4,00,000 சதுர கிலோமீட்டர். நிறை குறைந்தது, பரப்பு கூடியது. கருந்துளையின் பரப்பு சுருங்காது என்று ஸ்டீவன் ஹாக்கிங் 1971-ல் காகிதத்தில் நிறுவியிருந்தார். ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வானம் அதற்கு இவ்வளவு தெளிவாகச் சாட்சி சொன்னது.

கூட மட்டுமே தெரிந்த, குறையத் தெரியாத அளவு இயற்பியலில் இன்னொன்றும் உண்டு. அதுதான் என்ட்ரோபி. ஓர் அறையில் இருக்கும் காற்றின் வெப்பநிலை, அழுத்தம், கன அளவு மூன்றையும் சொல்லிவிட்டால், வெளியிலிருந்து சொல்ல வேண்டியது முடிந்துவிடும். ஆனால் அந்த மூன்று எண்களையும் மாற்றாமலேயே உள்ளிருக்கும் மூலக்கூறுகளைக் கணக்கில்லாத விதங்களில் இடம் மாற்றி வைக்கலாம். வெளித்தோற்றம் ஒன்று, உள்ளமைப்புகள் பல. அந்த உள்ளமைப்புகளின் எண்ணிக்கையை மடக்கையில் எழுதினால் கிடைப்பதே என்ட்ரோபி என்றார் லுட்விக் போல்ட்ஸ்மான். வியன்னாவில் அவருடைய கல்லறையில் அந்தச் சமன்பாடு பொறிக்கப்பட்டிருக்கிறது. அணு என்று ஒன்று உண்டா என்றே பேரறிஞர்கள் ஐயப்பட்ட காலத்தில், கண்ணில் படாதவற்றை எண்ணிப் பார்க்கலாம் என்று சொன்ன துணிவு அது.

கருந்துளைக்கும் என்ட்ரோபி உண்டா? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் வீலர் தம் மாணவர் ஜேக்கப் பெக்கன்ஸ்டைனிடம் எழுப்பிய ஐயம் ஏறக்குறைய இதுதான். சூடான தேநீரையும் ஆறிய தேநீரையும் கலந்தால் உலகின் என்ட்ரோபி கூடுகிறது. கலந்த கோப்பையை ஒரு கருந்துளைக்குள் எறிந்துவிட்டால், கூட்டிய குற்றத்தின் தடயமே மறைந்துவிடாதா? பெக்கன்ஸ்டைன் 1972-ல் பதில் சொன்னார்: மறையாது. கருந்துளைக்கே என்ட்ரோபி உண்டு. அதன் எல்லைப் பரப்புதான் அதற்கு அளவுகோல். கோப்பை உள்ளே விழும்போது பரப்பு கூடும், கணக்கு நேராகிவிடும்.

இதை ஹாக்கிங் முதலில் ஏற்கவில்லை. காரணம் நியாயமானது. என்ட்ரோபி இருந்தால் வெப்பநிலை இருக்க வேண்டும். வெப்பநிலை இருந்தால் கதிர்வீச்சு இருக்க வேண்டும். ஒளியையே விடாத கருந்துளை எதை வீசும்? ஆனால் குவாண்டம் விதிகளைச் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தபோது அது வீசத்தான் செய்கிறது என்று அவரே கண்டார். 1974-ல் அந்த முடிவு வெளிவந்தது. பெக்கன்ஸ்டைன் உறுதியாகச் சொல்ல முடியாமல் விட்டிருந்த எண்ணும் அதிலேயே கிடைத்தது. கருந்துளையின் என்ட்ரோபி என்பது பரப்பில் கால் பங்கு. பரப்பை அளக்கும் அலகு மிகமிகச் சிறியது: ஒரு மீட்டரை 10-இன் 35-ஆம் அடுக்கால் வகுத்தால் வரும் நீளத்தின் அளவில் பக்கம் கொண்ட சதுரம். பிளாங்க் நீளம் என்கிறார்கள்.

இந்தக் கால் பங்கு எவ்வளவு பெரியது என்பதைப் பார்க்க வேண்டும். சூரியனின் என்ட்ரோபி, போல்ட்ஸ்மான் மாறிலியை அலகாகக் கொண்டால், ஏறத்தாழ 10-இன் 58-ஆம் அடுக்கு. அதே நிறையில் ஒரு கருந்துளை இருந்தால் அதன் ஆரம் 3 கிலோமீட்டர்தான். என்ட்ரோபியோ 10-இன் 77-ஆம் அடுக்கு. லட்சம் கோடி கோடி மடங்கு அதிகம். என்ட்ரோபி என்பது மடக்கை என்பதை மறந்துவிடக் கூடாது. உள்ளமைப்புகளின் உண்மையான எண்ணிக்கையை எழுதப் புகுந்தால், அதிலுள்ள இலக்கங்களின் எண்ணிக்கையே 10-இன் 76-ஆம் அடுக்கைத் தாண்டும்.

சிக்கல் இங்கேதான். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாட்டைக் கேட்டால், கருந்துளையைப் பற்றிச் சொல்ல நிறை, மின்னூட்டம், சுழற்சி என்ற மூன்றே எண்கள்தான் உள்ளன என்கிறது. அவை தெரிந்துவிட்டால் எல்லாமே தெரிந்ததாகும். உள்ளமைப்பு ஒன்றே ஒன்று. ஒன்றின் மடக்கை சுழியம். ஒரு பக்கம் சுழியம், மறுபக்கம் 10-இன் 77-ஆம் அடுக்கு. ஹாக்கிங்கின் கணக்கு வெப்பநிலையிலிருந்து என்ட்ரோபியை வருவித்துக் கொடுத்ததே தவிர, எதை எண்ணினால் அது வரும் என்று சொல்லவில்லை. எண்ண வேண்டியவை எங்கே ஒளிந்திருக்கின்றன என்பது இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரியாமலே இருந்தது.

பதிலின் ஒரு பகுதி வெளிப்பட்டது யாரும் எதிர்பார்த்திராத இடத்தில். அதைச் சொல்ல, நம் கண்ணுக்குப் புலப்படாத திசைகளைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

நீளம், அகலம், உயரம் தவிர இன்னொரு திசையும் இருந்தால் என்னவாகும் என்று தியடோர் கலூசா 1919-ல் ஐன்ஸ்டைனுக்கு எழுதினார். கட்டுரை 1921-ல் வெளிவந்தது. ஒரு திசையைக் கூட்டி ஈர்ப்புச் சமன்பாடுகளை எழுதினால், அவற்றுக்குள் மாக்ஸ்வெல்லின் மின்காந்தச் சமன்பாடுகள் தாமாகவே வந்து நிற்கின்றன. அந்தத் திசை ஏன் தெரிவதில்லை? 1926-ல் ஆஸ்கர் கிளைன் காரணம் சொன்னார்: அது மிகச் சிறிய வட்டமாகச் சுருண்டிருக்கலாம். கோபுரத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் தேர்வடம் தெருவில் கிடக்கும் வெறும் கோடு. அதன் மேல் ஊரும் எறும்புக்கோ, நெடுக நடப்பதோடு சுற்றி வரவும் ஒரு திசை உண்டு. இதில் நான் மிகவும் வியக்கும் பகுதி, அந்தச் சுற்றும் திசையில் ஒரு துகள் ஓடினால் என்ன தெரியும் என்பது. வெளியே நிற்கும் நமக்கு ஓட்டம் தெரியாது. துகள் மின்னூட்டம் பெற்றிருப்பதாகத் தெரியும். வட்டத்தில் அலை முழு எண்ணிக்கையில்தான் பொருந்தும் என்பதால் அந்த மின்னூட்டமும் முழு எண்களிலேயே வரும். மறைந்த திசையில் நடப்பது எதுவும் தொலைந்துபோவதில்லை. வேறு பெயரில் வெளியே வருகிறது.

இழைக் கோட்பாடு இந்த எண்ணத்தைத் தனக்குத் தவிர்க்க முடியாததாக்கிக்கொண்டது. துகள்கள் யாவும் நுண்ணிய இழைகளின் அதிர்வுகள் என்று கொண்டால், கணக்கு முரணின்றி நிற்க மொத்தம் பத்துப் பரிமாணங்கள் தேவைப்படுகின்றன. காலம் ஒன்று, நாம் அறிந்த இடம் மூன்று, மீதி ஆறு சுருண்டிருக்க வேண்டும். அந்த ஆறும் எப்படிச் சுருண்டிருக்கலாம் என்பதற்கான கணித வடிவங்களை 1985-ல் கண்டெலாஸ், ஹோரோவிட்ஸ், ஸ்ட்ராமிஞ்சர், விட்டன் ஆகியோர் முன்வைத்தார்கள். அவற்றுக்குக் கலாபி–யாவ் வடிவங்கள் என்று பெயர். ஆறு கூடுதல் திசைகளை ஒரு கோட்பாடு கேட்பது அதன் குறை என்றே பலர் கருதினார்கள். இன்றும் கருதுகிறார்கள். ஆனால் கருந்துளைகளின் கணக்கைப் பொறுத்தவரை அந்தத் திசைகள் சுமை அல்ல. எண்ணப்பட வேண்டியவை குடியிருக்கும் இடமே அவைதான்.

1995-ல், அப்போது மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த அசோக் சென் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தார். ஓர் இழை, சுருண்ட வட்டம் ஒன்றைப் பல முறை சுற்றிக்கொண்டு, அதே வட்டத்தில் ஓடவும் செய்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அது இரண்டு வகை மின்னூட்டங்கள் கொண்ட ஒரு புள்ளி; போதிய நிறை இருந்தால் ஒரு கருந்துளை. அந்த இழை எத்தனை விதங்களில் அதிரலாம்? அதிர்வின் ஆற்றல் முழு எண்ணாக வரும். அதை 1, 2, 3 என்ற சுருதிகளுக்குள் பங்கிட வேண்டும். அவர் எடுத்துக்கொண்ட ஹெட்டராட்டிக் வகை இழையில், பத்துப் பரிமாணங்களுக்கு அப்பாற்பட்ட உள்திசைகளையும் சேர்த்து, இந்த அதிர்வுக்கு 24 திசைகள் உண்டு. ஆற்றல் 1 என்றால் 24 வழிகள். ஆற்றல் 2 என்றால், இரண்டையும் ஒரே துண்டாகக் கொடுக்க 24 வழிகள், ஒன்று ஒன்றாகப் பிரித்துக் கொடுக்க 300 வழிகள், ஆக 324. ஆற்றல் 3-க்கு 3,200. அடுத்தது 25,650.

அந்த 24 திசைகளில் நம் முப்பரிமாண உலகில் அடங்குபவை எத்தனை தெரியுமா? இரண்டு மட்டும். மீதி 22-உம் சுருண்ட உலகைச் சேர்ந்தவை. வெளித்திசைகள் இரண்டை மட்டும் வைத்து எண்ணினால் 24, 324, 3,200 என்ற வரிசைக்குப் பதிலாக 2, 5, 10 என்றே வரும். ஆற்றல் ஏற ஏற இந்த இடைவெளி கற்பனைக்கு எட்டாத அளவுக்கு விரிகிறது. கருந்துளையின் உள்ளமைப்புகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடையை நான் அறியேன்.

இந்த எண்ணலின் ஆதாரக் கணிதம் கும்பகோணத்தில் வளர்ந்தவருடையது. ஓர் எண்ணைக் கூட்டல் துண்டுகளாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்பது பழைய கேள்வி. 4-ஐ 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதமாகப் பிரிக்கலாம். 100-க்கு அது 19 கோடியைத் தாண்டிவிடும். எண் பெரிதாகும்போது இந்தத் தொகை எவ்வளவு வேகமாக வளரும் என்பதற்கான சூத்திரத்தை ராமானுஜனும் ஹார்டியும் 1918-ல் வெளியிட்டார்கள். 200-க்கான விடையைப் பெர்சி மக்மஹோன் கையால் கணக்கிட்டிருந்தார்: 39,72,99,90,29,388. சூத்திரத்தின் சில உறுப்புகளைக் கூட்டியதில் வந்த விடை இதிலிருந்து 0.004 மட்டுமே விலகியிருந்தது. இழையின் ஆற்றலைச் சுருதிகளுக்குப் பங்கிடுவது இதே கணக்குதான்; ஒவ்வொரு துண்டுக்கும் 24 நிறங்கள் கூடுதலாகச் சேர்கின்றன, அவ்வளவே. 24-ஆம் அடுக்கு கொண்ட ஒரு முடிவிலாப் பெருக்கத்தை ராமானுஜன் 1916-ல் தனியாகவே ஆராய்ந்திருந்தார். அந்தப் பெருக்கத்தைத் தலைகீழாக்கி விரித்தால் 1, 24, 324, 3,200 என்ற நம் வரிசை அப்படியே வந்து நிற்கிறது. கேம்பிரிட்ஜில் எண்களுக்காகவே எண்களை ஆராய்ந்த இளைஞரின் தாளில் கருந்துளையின் கணக்கு எண்பது ஆண்டுகள் காத்திருந்தது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

சென் போட்ட கணக்கில் ஒரு குறை மிஞ்சியது. ஐன்ஸ்டைன் சமன்பாடுகளின்படி அந்தக் கருந்துளையின் எல்லைப் பரப்பு சுழியம். இழையின் பருமன் அளவுக்கு நெருங்கினால்தான் பரப்பு என்று ஒன்று தென்படும். அங்கே பழைய சமன்பாடுகளை நம்ப முடியாது. என்ட்ரோபி மின்னூட்டங்களைப் பொறுத்து வளரும் விதம் சரியாக வந்தது, கால் என்ற எண்ணைச் சரிபார்க்க முடியவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் ஜோசப் போல்சின்ஸ்கி டி-பிரேன்கள் என்ற பொருள்களின் இயல்பை விளக்கினார். இழைகளின் முனைகள் ஒட்டிக்கொள்ளும் பரப்புகள் இவை. ஒரு பரிமாணம் கொண்டவையும் உண்டு, ஐந்து பரிமாணம் கொண்டவையும் உண்டு. மூன்றே மாதங்களில், 1996 ஜனவரியில், ஆண்ட்ரூ ஸ்ட்ராமிஞ்சரும் கம்ரூன் வஃபாவும் இவற்றைக் கொண்டு உண்மையான பரப்புள்ள ஒரு கருந்துளையைக் கட்டினார்கள். அடுத்த சில வாரங்களில் கேலனும் மால்டசேனாவும் அதை இன்னும் எளிமையாக்கினார்கள். அந்த எளிய வடிவம் இது. பத்துப் பரிமாணங்களில் ஐந்தைச் சுருட்டிவிட வேண்டும். ஐந்து பரிமாண பிரேன்கள் சில அந்த ஐந்து திசைகளையும் போர்த்திக் கிடக்கின்றன. ஒற்றைப் பரிமாண பிரேன்கள் சில அவற்றில் ஒரு வட்டத்தை மட்டும் சுற்றியிருக்கின்றன. அந்த வட்டத்தின் வழியே அதிர்வுகள் ஒரே பக்கமாக ஓடுகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவ்வளவும் மூன்று முழு எண்கள் மட்டுமே: இவ்வகை பிரேன் இத்தனை, அவ்வகை பிரேன் இத்தனை, ஓட்டம் இவ்வளவு.

உள்ளே எண்ணுவதற்கோ ஏராளம் இருக்கிறது. இருவகை பிரேன்களையும் இணைக்கும் இழைகள், எந்த பிரேனிலிருந்து எந்த பிரேனுக்கு என்பதைப் பொறுத்துப் பல இனங்களாகின்றன. ஓட்டத்தை அந்த இனங்களுக்குள் பங்கிட வேண்டும். மறுபடியும் ராமானுஜன்–ஹார்டி கணக்கு! பெரிய எண்களுக்கு விடை சுருக்கமாக வருகிறது: மூன்று முழு எண்களையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டு பையால் (2π) பெருக்கு. இப்போது பிரேன்களை மறந்துவிட்டு, அதே மூன்று மின்னூட்டங்கள் கொண்ட கருந்துளையின் பரப்பை ஐன்ஸ்டைன் வழியில் கணக்கிட்டு, அதில் கால் பங்கை எடுத்தால், அதே இரண்டு பை, அதே வர்க்கமூலம். எங்கும் எந்த எண்ணையும் பொருத்தத்துக்காகத் திருகவில்லை. போல்ட்ஸ்மான் சொன்ன வகையில் ஒரு கருந்துளையின் உள்ளமைப்புகள் எண்ணப்பட்டு, ஹாக்கிங்கின் கால் பங்கு துல்லியமாக வந்தது அதுவே முதல் முறை.

ஈர்ப்பு வலுவாக இருந்தால்தான் கருந்துளை. வலுவிழந்திருந்தால் வெறும் பிரேன்களும் இழைகளும். எளிதாக எண்ண முடிவது இரண்டாவது நிலையில். அங்கே எண்ணியதை இங்கே எப்படிப் பயன்படுத்தலாம்? மீச்சீர்மை என்ற சமச்சீர்மை உள்ள நிலைகளில், ஈர்ப்பின் வலிமையை மெல்ல ஏற்றினாலும் தக்கவாறு எடுத்த எண்ணிக்கை மாறாது. ஆகவேதான் அவர்கள் மீச்சீர்மையுள்ள கருந்துளையைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த நிபந்தனையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

இன்னொரு தடையும் இருந்தது. அது தீர்ந்த விதம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே மிக அழகான இடம். சுருண்ட திசைகளின் அளவும் வடிவமும் பல விதமாக இருக்கலாம். ஒரு வட்டத்தைச் சற்றுப் பெரிதாக்கலாம், ஒரு மூலையைச் சற்று இழுக்கலாம், அதுவும் இடைவெளியில்லாமல் தொடர்ச்சியாக. கருந்துளையின் பரப்பு அந்த வடிவத்தைப் பொறுத்தது என்றால், பரப்பும் தொடர்ச்சியாக மாறும். எண்ணிக்கையோ முழு எண். அது அரைகுறையாக மாற முடியாது. பிறகு இரண்டும் எப்படிப் பொருந்தும்? 1995-ல் ஃபெராரா, கல்லோஷ், ஸ்ட்ராமிஞ்சர் ஆகிய மூவரும் விடை கண்டார்கள். தொலைவில் சுருண்ட திசைகள் எந்த வடிவில் இருந்தாலும், கருந்துளையின் எல்லையை நெருங்க நெருங்க அவை தம் பழைய வடிவத்தை விட்டுவிடுகின்றன. எல்லையில் அவற்றின் வடிவத்தைத் தீர்மானிப்பது கருந்துளையின் மின்னூட்டங்கள் மட்டுமே. அதாவது முழு எண்கள் மட்டுமே. கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள மறைந்த வெளியைத் தன் கணக்குக்கு ஏற்ப வளைத்துக்கொள்கிறது. பரப்பும் எண்ணிக்கையும் ஒரே முழு எண்களின் பிள்ளைகளாக இருப்பது இதனால்தான்.

அதே 1996-ல் சுமித் தாஸும் சமீர் மாத்தூரும், தனியாக மும்பையில் அவினாஷ் தர், கௌதம் மண்டல், ஸ்பெந்தா வாடியா ஆகியோரும், சற்றே சூடேறிய கருந்துளைகளை எடுத்துக்கொண்டார்கள். பிரேன்களின் மேல் எதிரெதிராக ஓடும் அதிர்வுகள் மோதி வெளியேறும் வீதத்தை ஹாக்கிங் கதிர்வீச்சோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். குறைந்த ஆற்றலில் அங்கும் எண்கள் பொருந்தின.

ராமானுஜனிடம் இன்னும் ஒரு முறை திரும்ப வேண்டியிருக்கிறது. 1920 ஜனவரியில், நோயுற்றுச் சென்னையில் இருந்தபோது, ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் போலித் தீட்டா சார்புகள் என்று அவர் அழைத்த புதுவகைச் சார்புகளை எடுத்துக்காட்டுகளோடு விவரித்திருந்தார். ஏப்ரலில் காலமானார். அவை எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது 2002-ல் சாண்டர் ஸ்வேகர்ஸின் ஆய்வேட்டில்தான் தெளிவானது. 2012-ல் அதீஷ் தபோல்கர், சமீர் மூர்த்தி, டான் சாகியர் மூவரும் கருந்துளைகளுக்குள் அவற்றைக் கண்டார்கள். குறிப்பிட்ட மின்னூட்டங்களுக்கான மொத்த எண்ணிக்கையில் ஒற்றைக் கருந்துளையின் பங்கும் இருக்கும். ஒன்றையொன்று பிணைத்து நிற்கும் இரட்டைக் கருந்துளைகளின் பங்கும் கலந்திருக்கும். சூழ்நிலை மாறும்போது அந்த இரட்டைகள் பிரிந்து போய்விடுகின்றன. பிரியாத ஒற்றைக்கு மட்டும் உரிய எண்ணிக்கையைச் சலித்தெடுத்தால் மிஞ்சுவது ராமானுஜனின் கடிதத்தில் இருந்த வகைச் சார்பே.

இவ்வளவு பொருத்தங்களைச் சொன்ன பிறகு, இவை எதை நிறுவவில்லை என்பதையும் அதே அக்கறையோடு சொல்ல வேண்டும். எண்ணப்பட்டவை மீச்சீர்மையுள்ள, பெருமளவு மின்னூட்டமுள்ள, சுழிய வெப்பநிலையில் உறைந்த கருந்துளைகள். லைகோ பதிவு செய்தவையோ, நம் பால்வழியின் நடுவில் 40 லட்சம் சூரியன்களின் நிறையோடு இருப்பதோ அந்த இனம் அல்ல. அவை மின்னூட்டம் அற்றவை என்றே சொல்லலாம், சுழல்பவை, வெப்பநிலை உள்ளவை. மீச்சீர்மைத் துகள் எதையும் ஜெனீவாவின் பெரும் ஹாட்ரான் மோதுவி இதுவரை காட்டவில்லை. கூடுதல் திசைகள் ஓரளவு பெரியவையாக இருந்தால் மிகக் குறுகிய தொலைவில் ஈர்ப்பு விதி மாறுபட வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் முறுக்குத் தராசுகள் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் வரை இறங்கித் தேடியும் நியூட்டனின் விதி அப்படியே நிற்கிறது. மேலும், பரப்புக்கு ஏற்ற என்ட்ரோபியைத் தரும் கோட்பாடு இது ஒன்றல்ல. கண்ணி குவாண்டம் ஈர்ப்பும் அதைத் தருகிறது. ஆனால் கால் என்ற எண் வருவதற்கு அங்கே ஒரு மாறிலியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த வேறுபாடு சிறியதல்ல என்பது என் கருத்து.

எந்தக் கோட்பாடு சரி என்பதைப் பிரித்தறிய ஒரு நுட்பமான வழி இருக்கிறது. என்ட்ரோபியில் பரப்பின் கால் பங்கு என்பது முதல் உறுப்பு மட்டுமே. அடுத்து ஒரு சிறு திருத்தம் வரும், பரப்பின் மடக்கையை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கியது. 2000-ல் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் ரமேஷ் கௌலும் பார்த்தசாரதி மஜும்தாரும் கண்ணிக் கோட்பாட்டின்படி அந்த எண் எதிர்ம ஒன்றரை என்று காட்டினார்கள். பின்னர் அசோக் சென்னும் அவருடைய கூட்டாளிகளும் ஒன்றை உணர்ந்தார்கள்: அந்த எண்ணைப் பெற மறைந்த திசைகளின் வடிவமோ இழைகளின் விவரமோ தெரிய வேண்டியதில்லை. நிறையற்ற துகள்கள் எவை என்று தெரிந்தால் போதும். ஈர்ப்புப் பக்கத்திலிருந்தே கணக்கிட்டுவிடலாம். மீச்சீர்மை உச்சமாக உள்ள கருந்துளைகளுக்கு அது எதிர்ம நான்கு என்று வந்தது. அதில் பாதி மீச்சீர்மை உள்ளவற்றுக்குச் சுழியம். பிரேன்களை எண்ணிப் பெற்ற விடைகளும் இரண்டு இடத்திலும் அவையே.

மீச்சீர்மையும் மின்னூட்டமும் இல்லாத சாதாரணக் கருந்துளைக்கான எண்ணையும் சென் 2012-ல் கணக்கிட்டு வைத்திருக்கிறார். கண்ணிக் கோட்பாட்டின் விடை அதனோடு ஒத்துப்போகவில்லை. இழைக் கோட்பாட்டிலும் அந்தக் கருந்துளையின் உள்ளமைப்புகளை இந்த நுட்பத்தோடு எண்ணிக் காட்டியவர் இன்னும் இல்லை. மீச்சீர்மையின் பாதுகாப்பு இல்லாத இடத்தில், ஈர்ப்பை ஏற்றும்போது எண்ணிக்கை மாறாமல் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஈர்ப்பு வலுவாக இருக்கும் நிலையிலேயே நேரடியாக எண்ணுவதற்கு ஒரு முறை வேண்டும். அதைக் கண்டுபிடிப்பவர் எந்தக் கோட்பாட்டைச் சேர்ந்தவராக இருந்தாலும், அவருடைய விடையின் முதல் உறுப்பில் கால் பங்கும் இரண்டாவது உறுப்பில் சென் எழுதிவைத்த எண்ணும் வந்தாக வேண்டும்.